மூடாத கழுத்துப் பட்டி

அந்த நாற்காலி வேண்டாம் சார், இந்தப் பக்கம் வாருங்கள். அதன் கைப்பிடியில் யாரோ மென்று முடித்த சூயிங்கத்தை ஒட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலை ஏழு மணிக்கு வந்தவுடன் என் முழங்கை அதில்தான் போய் உட்கார்ந்தது. இரண்டு முறை கழுவிவிட்டேன், இன்னும் பிசுபிசுக்கிறது. சுவரில் கொழுகொழுவென்று குழந்தைப் படம் மாட்டத் தெரிகிறது, ஒரு நாற்காலியைத் துடைக்க ஆள் இல்லை.

உள்ளே உங்களுக்கு யார்? மருமகளா. சரி. எனக்கு மகள். மங்கையர்க்கரசி. நான் வைத்த பெயர். வீட்டில் எல்லாரும் அரசி என்று வெட்டிவிட்டார்கள். ஒரு பெயரை முழுதாகச் சொல்லக்கூடப் பொறுமை இல்லாத குடும்பம்.

பிரசவ அறையின் அந்தப் பச்சைக் கதவைத் தாண்டி ஆண்கள் போகக் கூடாதாம். என் மனைவி உள்ளே இருக்கிறாள். மாப்பிள்ளை மேட்டுப்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார். மலைப்பாதையில் ஒரு லாரி குறுக்கே நிற்கிறது, இரண்டு மணி நேரமாக ஒரே வளைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று போன் செய்தார். ஆக, இந்த வராந்தாவில் நானும் நீங்களும்தான்.

இதை ஓரக்கண்ணால் பார்க்கிறீர்கள். என்ன என்று கேட்டுவிடுங்கள் சார், ஓரக்கண் பார்வை எனக்கு ஆகாது. ஸ்வெட்டர். கைக்குழந்தைக்கு. மஞ்சள் உல்லன். தோள்பட்டையில் திறப்பு வைத்திருக்கிறது, அதில் பொத்தானுக்குப் பதில் வெள்ளைப் பாசிமணி ஆறு. எடுத்துப் பாருங்கள். பின்பக்கமும் பாருங்கள். எங்காவது ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருக்காது. முடிந்துவிட்டது. அதுதான் இப்போது என் வீட்டில் தகராறு. முடிந்துவிட்டது என்பதுதான் தகராறு. வேறு எந்த வீட்டிலாவது இப்படிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். பயப்படாதீர்கள், நான் ஆரம்பித்ததை முடிக்கிறவன்.

என் பெயர் திருமேனிநாதன். கிளை நூலகத்தில் முப்பத்தொரு வருடம். கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகத்தை நான் அலமாரியில் வைக்க விட்டதே இல்லை. வேறு பிரதி தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வைப்பேன். ஒரு நாவலுக்கு வேறு பிரதி எங்கேயும் கிடைக்கவில்லை. முடிவை நானே எழுதி ஒட்டினேன். பத்தொன்பது பேர் எடுத்துப் போனார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒரு அம்மாள் மட்டும் கடைசி அத்தியாயம்தான் நன்றாக இருக்கிறது என்றார். இதை வெளியில் சொல்லவேண்டாம்.

அப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்தவள் செங்கமலம். சமையலில் குறை சொல்ல முடியாது. பால்காரன் கணக்கு, பாட்டரி மாற்றவேண்டிய கடிகாரம், யார் வீட்டுக்கு எப்போது என்ன மொய் எழுதினோம், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் கையில் ஊசியும் உல்லனும் எடுத்தாளோ, தீர்ந்தது. ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். குன்னூர்க் குளிரில் எல்லா வீட்டுப் பெண்களும்தான் பின்னுகிறார்கள். மற்றவர்கள் வீட்டில் ஸ்வெட்டர் இருக்கும். எங்கள் வீட்டில் ஸ்வெட்டரின் முதுகு இருக்கும்.

ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தது சார். கை மட்டும் இருக்கும், உடம்பு இருக்காது. ஒற்றைக் காலுறை. பாசிமணியில் ஒரு கைப்பை, அதில் பச்சைக் கிளி, கிளிக்குத் தலை இல்லை. கழுத்தோடு நிற்கிறது, பதினோரு வருடமாக. பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாடையோடு இதெல்லாம் குப்பென்று மேலே வரும். பாதி கடித்த பழத்தை யாராவது பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா? அதுபோலத்தான். கேட்டால், "அது கிடக்கட்டும், உங்களுக்கு என்ன?" என்பாள். எனக்கு என்ன என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கட்டிலில்தான் நானும் படுக்கிறேன், அந்தப் பெட்டி அதன் அடியில்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற மறுவாரம் நூலகத்துக்குப் போனேன். பின்னல் கற்றுத்தரும் படம் போட்ட புத்தகம் ஒன்று, பத்து வருடமாக யாரும் தொடாதது. அட்டையில் பல்லி முட்டை. அதைத் துடைத்து எடுத்துவந்து மூன்று மாதம் படித்தேன். ஆண்பிள்ளை பின்னினால் தெருவில் என்ன சொல்வார்கள் என்று செங்கமலம் கேட்டாள். தெரு என்ன சொல்லும், முடிக்கிறான் என்று சொல்லும் என்றேன். முதலில் சிரித்தாள். என் பின்னல் கண்ணிகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அச்சடித்ததுபோல் இருக்கும் சார். தற்பெருமை இல்லை, புத்தகத்தில் உள்ள படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பெட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, எண் போட்டு, முடித்து, யாருக்காவது பரிசாகக் கொடுத்துவிடுவது. அதுதான் திட்டம். கிளிக்குத் தலை வைக்கச் சிவப்பு மணி வேண்டும் என்று கோயம்புத்தூர் வரை போனேன். கடைக்காரர் மணியை ஒரு கரண்டியால் அள்ளி எடைபோட்டுக் கொடுக்கிறார், அரிசி கொடுப்பதுபோல. பாதி மணியில் துளையே இல்லை. எப்படிக் கோர்ப்பது என்று கேட்டால், "இப்ப யார் சார் கோர்க்கிறாங்க, பசை வெச்சு ஒட்டிடுவாங்க" என்கிறார். கல்யாண ரவிக்கையில் பளபளக்கிறதே, அதெல்லாம் பசைதானாம். வேர்வை பட்டால் உதிரும், தாலி கட்டுவதற்குள் பாதி இலையில் விழும், பாயசத்தில் கிடக்கும், ஜவ்வரிசி என்று யாராவது விழுங்குவார்கள். நான் கடையிலேயே உட்கார்ந்து துளை உள்ள மணியாகப் பார்த்துப் பொறுக்கினேன். இரண்டு மணி நேரம். கிளிக்குத் தலை வைத்து, மூக்கு வைத்து, பக்கத்து வீட்டம்மா கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தேன். "அக்கா செஞ்சதா?" என்று கேட்டார்கள். உடம்பு அவள், தலை நான் என்றேன். செங்கமலம் அன்றைக்கு அங்கே சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

அப்புறம் ஒரு மப்ளர். அவளுடைய அப்பாவுக்காக ஆரம்பித்தது. ஒரு முழம் வந்தபோது அவர் போய்விட்டார். அந்த ஒரு முழம் ஊசியோடு, துணியில் சுற்றி, பெட்டியின் அடியில் இருந்தது. எடுத்து, நான்கு முழமாக்கி, பொங்கலுக்கு அவள் தம்பிக்குக் கொடுத்தேன். மச்சான் அதைக் கழுத்தில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "அப்பாவுக்குப் போட்டது, அப்படியே இருக்கட்டும்னுதானே அக்கா வெச்சிருந்தாங்க, மாமா" என்கிறான். முகம் அழுதுவடிகிறது. போனவருக்கு முடிக்காமல் வைத்திருந்தால் அவர் திரும்பி வந்து கழுத்தை நீட்டப்போகிறாரா? கேட்டேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். என் குடும்பத்தில் நியாயமான கேள்விக்குப் பதில் வராது சார், எழுந்து போய்விடுவார்கள்.

எனக்காக ஆரம்பித்தது ஒன்றும் இருந்தது. கையில்லாத ஸ்வெட்டர். கல்யாணமான மூன்றாம் வருடம் அளவெடுத்தது. அதையும் முடித்தேன். இதோ சட்டைக்குள் போட்டிருக்கிறேன். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய என் மார்பளவு. மூச்சு விடும்போதுதான் கொஞ்சம் பிடிக்கும். அதற்காக முடித்ததைப் போடாமல் இருப்பதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் என்மேல் பழி போடுகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அரசி முதல் தடவை உண்டானாள். செங்கமலம் ஒரு குல்லாவும் காலுறையும் ஆரம்பித்தாள். வெள்ளை உல்லன், நாடா நுனியில் குட்டிக் குட்டியாகப் பாசிமணி. நான் வேடிக்கையாகச் சொன்னேன்: "இதையாவது முடி. பேரப்பிள்ளை கல்யாணத்துக்குள்ளே ஒரு காலுறை முடிஞ்சா போதும்." அரசியும் அப்போது போனில் இருந்தாள், சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தார். செங்கமலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினோரு நாளில் முடித்துக் காட்டினாள். இரண்டு காலுறை, ஒரு குல்லா, நாடா, மணி, எல்லாம். அவள் வாழ்க்கையில் முழுதாக முடித்தது அது ஒன்றுதான். நானே போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினேன். பாராட்டவும் செய்தேன். பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டாதவன் இல்லை நான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஐந்தாம் மாதத்தில், அது நின்றுவிட்டது.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்கள். யார் தவறும் இல்லை, இப்படி ஆவது உண்டு என்றார்கள். நான் குறித்துக்கூட வைத்திருக்கிறேன். அந்தக் குல்லாவும் காலுறையும் எங்கே போயின என்று பிறகு ஒரு நாள் கேட்டேன், எண் போடுவதற்காகத்தான். "இல்ல" என்றாள் செங்கமலம். இல்லை என்றால்?

இப்போது இரண்டாவது தடவை. இந்த மஞ்சள் ஸ்வெட்டரை ஆரம்பித்தாள். ஆரம்பித்தது எனக்குத் தெரியும். சத்தமில்லாமல், சமையல்கட்டில் உட்கார்ந்து பின்னுவாள். நான் இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, முடி என்றும் சொல்லவில்லை. பிறகு கொஞ்ச நாளாகக் கையில் காணோம். முடித்துவிட்டாள்போல, திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது பித்தளைத் தாம்பாளம் எடுக்க ஸ்டூல் போட்டு மேல் பரணில் கைவிட்டேன். ஒரு தலையணை உறை தட்டுப்பட்டது. உள்ளே இது. கழுத்துப் பட்டி ஊசியிலேயே நிற்கிறது. இன்னும் இரண்டு வரிசை போட்டு மூடினால் முடிந்தது. இரண்டே வரிசை சார். தோளில் ஐந்து மணி தைத்திருக்கிறாள், ஆறாவது மணி ஒரு காகிதத்தில் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறாள். கண்ணி நழுவாமல் இருக்க ஊசியின் இரண்டு முனையையும் மஞ்சள் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். அந்தக் கட்டைக் கட்டின நேரத்தில் இரண்டு வரிசையும் போட்டிருக்கலாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். பிறக்கப்போகிற குழந்தையின் சட்டையையும் அந்தத் தலையில்லாத கிளியோடு சேர்த்துவிட்டாளே என்று உடம்பெல்லாம் கூசியது. அவள் கண்ணாடி வளையல் வாங்க பஜாருக்குப் போயிருந்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கினேன், கட்டை அவிழ்த்தேன், நாற்பது நிமிடத்தில் முடித்தேன். ஆறாவது மணியைத் தைத்தேன். நூல் நுனியை உள்ளே இழுத்து ஒளித்தேன். கலர்க் காகிதத்தில் சுற்றி, அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில். பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அரசிக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சந்தனம், ஐந்து வகைச் சாதம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் உள்ளே போய்ப் பார்சலைப் பிரித்து ஸ்வெட்டரை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினேன். "உங்கம்மா ஆரம்பிச்சது, அப்பா முடிச்சது" என்றேன்.

ஒரு கைதட்டல் இல்லை சார். சம்பந்தியம்மா தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டார்கள். "பொறக்கிறதுக்கு முன்னாடியே சட்டையா?" என்றார்கள்.

நான் பொறுமையாக விளக்கினேன். பிறப்பதற்கு முன்னால் துணிமணி வாங்கக் கூடாது என்று சொல்வார்கள், எனக்கும் தெரியும். வாங்குவது வேறு, பின்னுவது வேறு. கையால் செய்யக் கூடாது என்று எந்த நூலில் இருக்கிறது, யார் படித்தீர்கள், பக்கம் எத்தனை என்று கேட்டேன். மேலும், அப்படியே ஒரு தடை இருந்தாலும் அது எந்தக் காலத்தில், எந்தக் காரணத்துக்காக ஏற்பட்டிருக்கும் என்றும் சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும். சரி, பத்து நிமிடம் இருக்கலாம். அரசி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். கையில் அத்தனை வளையல், அது வேறு சத்தம் போட்டது. கை நடுங்கியதால் வந்த சத்தம் என்று சம்பந்தியம்மா பிறகு சொன்னார்களாம். புது வளையல் என்றால் சத்தம் வரத்தான் செய்யும்.

செங்கமலம் எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். கழுத்துப் பட்டியை ஒரு விரலால் ஒரு சுற்று தடவினாள். "முடிச்சிட்டீங்களா" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை. திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அரசியை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்து செங்கமலம் என் எதிரில் நின்றாள். நின்றபடியே பேசினாள். அன்றைக்குப் பேசியதுதான், இரண்டு மாதமாக அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு.

"அப்ப நீங்க முடின்னீங்க. நானும் ரோஷப்பட்டு முடிச்சேன். முடிச்சதும் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை பிள்ளை வெளிய வந்து அழுத பிறகுதான் கடைசி வரிசையை மூடுறதுன்னு வேண்டிக்கிட்டு வெச்சிருந்தேன். பிரிச்சிடுங்க."

ஏன் முதலிலேயே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? "சொன்னா எந்த நூல்ல இருக்குன்னு கேப்பீங்க" என்றாள். கேட்டிருப்பேன்தான். கேட்பதில் என்ன தப்பு?

உனக்கு வேண்டுமென்றால் நீயே பிரித்துக்கொள், நான் தடுக்கவில்லை என்றேன். அது ஆகாதாம். "முடிச்ச கைதான் பிரிக்கணும்" என்கிறாள். இந்தச் சட்டத்தை யார் இயற்றினார்கள்? அவளேதான், அங்கே நின்ற இடத்திலேயே. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பாருங்கள். பிரித்தால் என்ன அர்த்தம்? அன்றைக்கு அந்தக் குல்லாவை முடித்ததால்தான் அப்படி ஆயிற்று என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகிவிடாதா? அவளை முடிக்கச் சொன்னது யார்? அப்புறம் அந்தக் கணக்கு எங்கே வந்து நிற்கும்? கொள்கை என்று ஒன்று இருக்கிறது சார்.

அன்றிலிருந்து இப்படித்தான். சாப்பாடு வரும், காப்பி வரும், துவைத்த வேட்டி வரும், வார்த்தை வராது. அந்தத் தகரப் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் அரசியின் அறையில் வைத்துக்கொண்டாள். அதில் இப்போது ஒன்றுமில்லை, எல்லாவற்றையும்தான் நான் முடித்துவிட்டேனே. வெறும் பெட்டி. அதற்குப் பூட்டு வேறு.

பத்து நாள் முன்னால் அரசி வந்து என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். உட்காரவே அவளுக்கு அரை நிமிடம் ஆகிறது. "அப்பா, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனா பிரிச்சிடுங்கப்பா" என்றாள். நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு உடனே ஆனால் என்கிறாயே, இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் என்ன தொடர்பு என்று கேட்டேன். எம்.எஸ்ஸி. படித்த பெண். கையை ஊன்றி எழுந்து போய்விட்டாள். சொன்னேனே, எழுந்து போய்விடுவார்கள்.

இன்றைக்கு விடிகாலையில் வலி எடுத்தது. டாக்ஸியில் ஏறும்போது நான் இந்தப் பையை எடுத்துக்கொண்டேன். எதற்கு என்றால், பிறந்தவுடன் போடத்தான். வெளியே பாருங்கள், பதினோரு மணிக்கும் பனி விலகவில்லை. செங்கமலம் கதவருகில் பையைப் பார்த்தாள். "இங்கயும் எடுத்துட்டு வந்துட்டீங்களா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கதவு அவள் பின்னால் இரண்டு தடவை ஆடி நின்றது.

இப்போது மணி என்ன? பதினொன்றேகால். ஏழு மணிக்கு அரசி உள்ளே போனாள். டாக்டரம்மா முதலில் ஒரு தடவை நடந்து போனார்கள், திரும்பி வந்தார்கள். இரண்டாவது தடவை போகும்போது நடக்கவில்லை. நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நர்ஸ் வந்து ஒரு தாளை நீட்டினாள். மாப்பிள்ளை வரவில்லையா, அப்படியானால் நீங்கள் போடுங்கள் என்றாள். நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். கண்ணாடியைத் துடைத்தேன். "ஐயா, படிக்க நேரமில்லீங்க" என்றாள்.

போட்டுவிட்டேன் சார். முதல் வரிகூடப் படிக்கவில்லை. எனக்கு அறுபத்தொரு வயது. படிக்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

என்ன எழுதியிருந்ததோ.

நர்ஸின் சட்டைக் கையில் சிவப்பாக ஒரு சொட்டு இருந்தது. நான் பார்க்காததுபோல இருந்தேன்.

உங்கள் நகம் நீளமாக இருக்கிறது. இவ்வளவு வளர்க்கக் கூடாது, அழுக்கு சேரும், ஆனாலும் இப்போது உதவும். இங்கே, இந்தப் பட்டியின் ஓரத்தில், நூல் நுனி எங்கேயோ உள்ளே இருக்கிறது. நான்தான் ஒளித்தேன், எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமாக ஒளித்திருக்கிறேன். கொஞ்சம் கிளப்பிவிடுங்கள்.

இல்லை, இல்லை. நம்பிக்கை எல்லாம் ஒன்றுமில்லை. கழுத்துப் பட்டியை நான் கொஞ்சம் இறுக்கமாக மூடிவிட்டேனோ என்று இப்போது பார்க்கும்போது தோன்றுகிறது. பிறந்த குழந்தையின் தலை பெரிதாக இருக்கும். திருத்தலாம் என்றுதான். வேறு வேலை என்ன இருக்கிறது இங்கே?

வந்துவிட்டது. அந்த நுனியை விடாதீர்கள். மணியை நான் எடுக்கிறேன், ஆறாவது மணி. இந்தாருங்கள், உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், தரையில் விழுந்தால் இந்தத் தரையில் நான் தேடமாட்டேன். இப்போது மெதுவாக இழுங்கள். நீங்கள் இழுக்க இழுக்க நான் கண்ணியைப் பிடித்துக்கொள்கிறேன். வெடுக்கென்று இழுக்காதீர்கள் சார், இது கிணற்றுக் கயிறு இல்லை. சுற்றிக்கொண்டே வாருங்கள், உருண்டையாக. பரவாயில்லை, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

நாற்பது நிமிடம் பின்னியது. பிரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது பாருங்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை. ஒரு வரிசை போயிற்று. இழுங்கள்.

உள்ளே யாரோ கத்தினார்களா? உங்கள் மருமகளா, என் மகளா? இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள்போல. இழுங்கள் சார், நீங்கள் ஏன் நிறுத்துகிறீர்கள்?

போதும். நிறுத்துங்கள். இனிமேல் ஒரு கண்ணிகூட இழுக்கக் கூடாது. இங்கே தொட்டுப் பாருங்கள். இது வரைக்கும் என் கை, கட்டைபோல் இருந்தது. இங்கிருந்து இளகுகிறது, தெரிகிறதா? மிருதுவாக இருக்கிறது. இது அவள் கை. இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தாள். ஊசி என் பையில் இருக்கிறது, எடுங்கள். மொத்தம் அறுபத்து நான்கு கண்ணி. எல்லாம் இப்போது வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. நான் கோர்த்து முடிக்கும்வரை நீங்கள் மூச்சுகூட இந்தப் பக்கம் விடாதீர்கள்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

கதவு திறக்கிறதா? யார் வருகிறார்கள், நான் நிமிரமாட்டேன், சொல்லுங்கள். நர்ஸா. என்ன சொல்கிறாள்? மங்கையர்க்கரசியோடு வந்தவர்களா? நான்தான். நான்தான், ஆனால் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் கண்ணி நழுவிவிடும், இன்னும் நாற்பத்து நான்கு இருக்கிறது.

சார், நீங்கள் போங்கள். தயவுசெய்து ஓடுங்கள். அவள் எதையோ சொல்ல வாயெடுக்கிறாள் பாருங்கள், சொல்ல விடாதீர்கள். முதலில் செங்கமலத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் இன்னும் முடியவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். கடைசி வரிசை மூடவில்லை, அவள் விட்ட இடத்திலேயே நிற்கிறது, நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லி முடித்த பிறகு, நர்ஸ் எதைச் சொல்ல வந்தாளோ அதைச் சொல்லட்டும்.